முக்கால் சுற்று

மனிதர்கள் விழுங்குவதைப் பார்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் வயிறு, குடல் பிரிவில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. மூக்கு வழியாக ஒரு டியூபை இறக்கி, ஆளைப் படுக்க வைத்து, சிரிஞ்சால் 5 மில்லி தண்ணீரை வாயில் விட்டு, "முழுங்குங்க" என்று சொல்ல வேண்டும். பிறகு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் எச்சில்கூட இறங்கக் கூடாது. மறுபடி 5 மில்லி. இப்படிப் பத்து முறை. ஊருக்குப் போகும்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால் "லேப்ல இருக்கேன்" என்று முடித்துக்கொள்வேன். விளக்க ஆரம்பித்தால் கேட்பவர் முகம் சுளிப்பது நிச்சயம்.

மூக்கில் லிக்னோகெயின் ஜெல்லி தடவி, நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்ட்ரா போட்ட தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுப்போம். தொண்டையைத் தாண்டும் இடத்தில் குமட்டும், கண்ணில் நீர் கொட்டும். "தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்குங்க, உறிஞ்சுங்க, முழுங்குங்க, முழுங்குங்க" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே தள்ள வேண்டும். மிடுக்காக உள்ளே வந்த போலீஸ் அதிகாரி ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. அவருக்கு அடுத்து வந்த பிளஸ் டூ பெண், டியூப் முழுக்க இறங்கிய பிறகு, "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள்.

குமட்டுகிறவர்களுக்குத் தைரியம் சொல்ல எங்கள் சீஃப் ஒரு கதை வைத்திருந்தார். 1868-ல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தில் அடோல்ஃப் குஸ்மவுல் என்ற மருத்துவர் உணவுக்குழாயின் உள்ளே எட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். வளையாத உலோகக் குழாயை விழுங்க யார் சம்மதிப்பார்கள்? வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனைப் பிடித்து வந்து அவன் தொண்டையில் இறக்கிப் பார்த்தாராம். "அவனே பிழைச்சுப் போனான், நீங்க பயப்படுறீங்களே" என்பார் சீஃப். யாரும் இதனால் தைரியம் அடைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இன்னொரு கதை எனக்கு அதைவிடப் பிடிக்கும். ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த மறு வருஷமே, 1896-ல், ஹார்வர்டில் மருத்துவ மாணவனாக இருந்த வால்டர் கேனன் ஒரு பெருவாத்துக்கு பிஸ்மத் அடைத்த மாத்திரைகளைக் கொடுத்து, அவை அதன் நீண்ட கழுத்தில் இறங்குவதை எக்ஸ்ரே திரையில் பார்த்தான். எங்கள் தொழிலுக்கு அந்த வாத்துதான் முதல் நோயாளி என்று நினைத்துக்கொள்வேன்.

நான் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இருந்தது தண்ணீர் ஓடும் டியூப். எட்டுத் துளைகள், எட்டுக் கோடுகள். ஒரு சின்னக் காற்றுக்குமிழி புகுந்துவிட்டால் அன்றைக்கு எல்லாம் கெட்டது. டியூபை ஒவ்வொரு சென்டிமீட்டராக வெளியே இழுத்து, கீழ் வால்வு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பின்னால் வந்த டியூபில் சென்டிமீட்டருக்கு ஒன்று என்று முப்பத்தாறு சென்சார்கள். கோடுகள் போய் நிறங்கள் வந்தன. அழுத்தம் குறைந்த இடம் நீலம், கூடக்கூடப் பச்சை, மஞ்சள், சிவப்பு. நல்ல குழாய் உள்ளவர் ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால், திரையின் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு மஞ்சளும் சிவப்புமாக ஒரு பட்டை சாய்ந்து இறங்கும். அது நீடிக்கும் நேரத்தையும் அதன் நீளத்தையும் பலத்தையும் சேர்த்துப் பெருக்கி இயந்திரமே ஓர் எண் கொடுக்கும். 450-க்கு மேல் இருந்தால் சரி. அதற்குக் கீழே சோர்வு. 100-க்கும் கீழே போனால் அந்த விழுங்கல் நடக்கவே இல்லை என்று கணக்கு. தண்ணீர் தன் கனத்தால் இறங்கினால் உண்டு. பத்தில் ஐந்து முறை சோர்ந்தாலே பலவீனமான குழாய் என்று முன்பு எழுதினோம். 2021-ல் வந்த சிகாகோ வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு அளவுகோலைக் கடுமையாக்கியது: பத்தில் ஏழுக்கு மேல் சோர்ந்திருக்க வேண்டும், அல்லது பாதியாவது நடக்காமலே போயிருக்க வேண்டும். அதுவரை நோயாளிகளாக இருந்த பலர் ஒரே நாளில் ஆரோக்கியமானவர்கள் ஆகிவிட்டார்கள்.

சமையல் மாஸ்டர் ஒருவருடைய படம் புது அளவுகோலிலும் தேறவில்லை. கும்பகோணம் பக்கத்துக்காரர், கல்யாண சமையல் கான்ட்ராக்ட். ஐம்பதைத் தாண்டியவர். தோளில் எப்போதும் ஒரு பச்சைக்கரைத் துண்டு. பத்து விழுங்கலில் எட்டு, திரையில் வெளிறிய நீலமாக அங்கங்கே அறுந்து போயின. கீழே வால்வும் தளர்வு. இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் துளை வழியாக மூன்று சென்டிமீட்டர் மேலே ஏறி நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது.

"எரிச்சல்கூடப் பரவாயில்ல தங்கச்சி," என்றார். "படுத்தா ஏறி வருது. நெஞ்சு, தொண்டை, மூக்கு வரைக்கும். இருமி எழுந்து உக்காந்துடுவேன். மண்டபத்து ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டைல சாஞ்சுதான் தூக்கம்."

இந்த எதுக்களிப்புதான் மாத்திரைக்கு அடங்காத விஷயம். மாத்திரை, இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். மேலே வருவதை நிறுத்தாது. முன்பு புளிப்போடு வந்தது இப்போது புளிப்பில்லாமல் வரும். வருகிற தடவைகள் ஏறக்குறைய அதேதான். எரிச்சலுக்கு மாத்திரை கைகொடுக்கும் அளவுக்கு எதுக்களிப்புக்குக் கொடுக்காதது இதனால்தான். வருஷக்கணக்காக பான்-40 விழுங்கியும் மாஸ்டர் அரிசி மூட்டையை விடாத காரணமும் இதுதான்.

மாத்திரை என்றதும் பெரியம்மா ஞாபகம் வந்துவிடும். முந்தானை முடிச்சில் சில்லறையோடு இரண்டு ஜெலுசில் எப்போதும் இருக்கும். பந்தியிலிருந்து எழுந்ததும் ஒன்றை மென்றுவிடுவாள். வீட்டில் பிங்க் நிற டைஜீன் பாட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் இருந்தது: சுரந்த அமிலத்தைச் சற்று நேரம் மட்டுப்படுத்தும் சுண்ணாம்பும் மக்னீசியமும் அலுமினியமும். சுரக்கும் இடத்திலேயே கை வைத்த முதல் மருந்து சிமெட்டிடின், 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதற்கும் சேர்த்துத்தான் ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் கொடுத்தார்கள். அதே 1988-ல் சுவீடனில் ஒமெப்ரசோல் வந்தது. பிறகு பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், இன்றைக்கு மருந்துக்கடையில் பெயர் சொன்னாலே கிடைக்கிற எல்லாமும். பெரியம்மா இவற்றில் எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதையும் சாப்பிட்ட பிறகுதான் போட்டிருப்பாள்.

மாஸ்டரும் அப்படித்தான் போட்டிருக்கிறார். இரவுப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவக் கொடுத்துவிட்டு, ஒரு மணிக்கு அவர் சாப்பிட்டு, அதன்மேல் மாத்திரை, உடனே படுக்கை. இந்த மாத்திரைகள் வேலை செய்வது அமிலத்தைப் பம்ப் செய்துகொண்டிருக்கும் செல்கள்மேல்தான். சாப்பாடு போனால்தான் அந்தப் பம்புகள் விழிக்கும். அதனால் அரை மணி முன்னாலேயே போட்டு, சாப்பாடு போகும்போது மருந்து ரத்தத்தில் காத்திருக்க வேண்டும். சீட்டில் "உணவுக்கு முன்" என்று எழுதியே கொடுக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள்?

2019-ல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஸ்பெக்லர் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 பேர். அறுவைசிகிச்சையா மருந்தா என்று குலுக்கிப் போட்டுப் பார்ப்பதற்கு முன், ஒமெப்ரசோலைச் சரியான நேரத்தில் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லி இரண்டு வாரம் பார்த்திருக்கிறார்கள். அதிலேயே 42 பேருக்குச் சரியாகிவிட்டது. என்னைப் போல டியூப் போடுகிறவர்கள் சோதித்ததில் 99 பேருக்கு எரிச்சலுக்கும் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. இன்னும் 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு நோய். விட்டுப்போனவர்கள், ஒத்துவராதவர்கள் எல்லாம் கழித்து மிஞ்சியவர்கள் 78 பேர். அந்த 78 பேரில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் 67 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. மருந்தைக் கூட்டிக் கொடுத்தவர்களில் 28 சதவீதம். பேப்பர்களில் கடைசி வரியைத்தான் போட்டார்கள். சீஃப் எங்களுக்குப் படித்துக் காட்டியது 366 எப்படி 78 ஆனது என்ற பகுதியை.

இப்படிச் சலித்தெடுப்பது ஏன் என்பதற்கு என் அறையிலேயே சாட்சி உண்டு. பல வருஷம் அசிடிட்டி என்று சொல்லி மாத்திரை சாப்பிட்ட ஒரு வங்கி ஊழியர். டியூப் போட்டுப் பார்த்தால் கீழ் வால்வு திறக்கவே இல்லை, குழாயில் அசைவே இல்லை, அகலேசியா. அவர் சொன்ன எதுக்களிப்பு, வயிற்றிலிருந்து ஏறியது அல்ல, வயிற்றுக்குப் போகாமலே தேங்கிப் புளித்தது. இவருக்கு வால்வை மேலும் இறுக்கியிருந்தால் என்ன ஆகும்? இந்த ஒரு காரணத்துக்காகவே டியூப் பரிசோதனை இல்லாமல் சீஃப் யார்மேலும் கத்தி வைத்ததில்லை.

மாஸ்டருக்கு அடுத்தது 24 மணி நேர அமிலப் பரிசோதனை. மெல்லிய டியூப் மூக்கில், முனை வால்வுக்கு 5 சென்டிமீட்டர் மேலே, இடுப்பில் ஒரு சின்ன ரெக்கார்டர். மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். அந்த வாரம் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். "வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க, வீட்லயே படுத்துக் கிடக்காதீங்க" என்று எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். அவர் அன்றைக்கு மாம்பலத்தில் ஒரு முகூர்த்தத்துக்குப் போய்விட்டார். கன்னத்தில் பிளாஸ்திரி, மூக்கில் டியூப், கையில் கரண்டி. பெண் வீட்டார் பதறிப்போய் ஆளை மாற்றச் சொல்ல, "இது ஹார்ட் இல்ல, சும்மா புளிப்பு அளக்குற மெஷின்" என்று சமாளித்திருக்கிறார். டைரியில் நேரம் போட்டு எழுதியிருந்தார்: சாம்பார் ருசி பார்த்தது, ரசம் ருசி பார்த்தது, காபி, ஏப்பம், காபி, பாயசம், படுத்தது, எழுந்தது. அவ்வளவு நேர்மையான டைரியை நான் பார்த்ததில்லை. 24 மணி நேரத்தில் 4 சதவீத நேரத்துக்குள் குழாயில் அமிலம் இருந்தால் வழக்கமானது. 6-ஐத் தாண்டினால் நோய் என்பதில் சந்தேகமில்லை. அவருடையது 6-ஐத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. படுத்திருந்த நேரத்தில் ஒருமுறை ஏறிய அமிலம் இறங்கவே மனமில்லாமல் அங்கேயே கிடந்ததையும் கோடு காட்டியது.

அப்படிக் கிடப்பது குழாயின் பலவீனத்தால். நல்ல குழாய், ஏறியதை ஓரிரு அலையில் திருப்பித் தள்ளிவிடும். மிச்சத்தை விழுங்கிய எச்சிலின் காரம் முறிக்கும். தூக்கத்தில் எச்சிலும் குறைவு, விழுங்குவதும் குறைவு. அலையும் இல்லை என்றால் அமிலம் தங்கிவிடும், தங்கினால் சுவர் புண்ணாகும். புண்ணான சுவரின் தசை மேலும் சோருமா, அல்லது சோர்ந்ததால்தான் புண்ணானதா என்று கேட்டால் டாக்டர்கள் இரண்டு பக்கமும் தலையாட்டுவார்கள். சிலருக்கு அறுவைக்குப் பிறகு அலைகள் கொஞ்சம் பலம் பெறுவதை நானே திரையில் பார்த்திருக்கிறேன். சிலருக்கு ஒன்றுமே மாறவில்லை.

சோர்ந்த தசைக்கு மருந்து கொடுத்தால் என்ன என்று மாஸ்டர் கேட்டார். நியாயமான கேள்வி. சிசாப்ரைடு என்று ஒன்று இருந்தது. இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கியதால் 2000-ல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள், 2011-ல் இங்கேயும் தடை. நம் ஊரில் பான்டோப்ரசோலோடு ஒட்டிக்கொண்டே வரும் டோம்பெரிடோன் இரைப்பையைச் சீக்கிரம் காலி செய்ய உதவும். உணவுக்குழாயின் அலைக்கு அதனால் ஆவது அதிகமில்லை. லெவோசல்பிரைடை மாதக்கணக்கில் விழுங்கி, கை நடுங்கி, நடை தளர்ந்து நரம்பு டாக்டரிடம் போய் நின்றவர்கள் உண்டு. வால்வைத் தைக்கலாம், அமிலத்தைக் குறைக்கலாம். குழாயின் தசையைத் தட்டி எழுப்ப நம்பத்தக்க மருந்து இன்றுவரை இல்லை.

வால்வைத் தைப்பதை சீஃப் விளக்கியது மாஸ்டரின் துண்டை வைத்து. தோளிலிருந்து உருவி, இடது கையை நீட்டி, மணிக்கட்டில் துண்டை முழுச் சுற்றாகச் சுற்றினார். "இது நிஸ்ஸன். இரைப்பையோட மேல்பக்கத்தை எடுத்து உணவுக்குழாயைச் சுத்திக் கொண்டாந்து முன்னாடி தைக்கிறது. கீழேர்ந்து எதுவும் ஏறாது." பிறகு மணிக்கட்டை அசைத்துக் காட்டி, "ஆனா மேலேர்ந்து இறங்குறதைத் தள்ள உங்க குழாய்க்குத் தெம்பு வேணும். அது உங்ககிட்ட இல்ல" என்று துண்டைத் தளர்த்தி, பின்பக்கமாக வைத்து, முன்னால் கொஞ்சம் தோல் தெரிகிற மாதிரி விட்டார். "இது டூப்பே. முக்கால் சுற்று." மாஸ்டர் துண்டைத் திருப்பி வாங்கி உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, "முக்கால்வாசி போட்டா கால்வாசி ஒழுகாதா?" என்றார். சீஃப் சிரித்துவிட்டார். "ஒழுகலாம்" என்றார்.

ருடால்ஃப் நிஸ்ஸன் பெயரைச் சொல்லாமல் இந்தத் துண்டுக் கதையைக் கடக்க முடியாது. ஜெர்மன்காரர், யூத வம்சம். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினை விட்டு இஸ்தான்புல்லுக்குப் போனார். அங்கே 1936-ல் உணவுக்குழாயின் கீழ்முனையில் புண் வந்த ஓர் இளைஞனுக்கு அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இரைப்பையோடு இணைத்தார். தையல் பிரிந்துவிடக் கூடாதே என்று இரைப்பைச் சுவரை அதைச் சுற்றி மடித்துவிட்டார். பல வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த ஆளுக்கு அமிலம் ஏறவே இல்லை. தையலுக்குக் காவலாகப் போட்ட மடிப்பு வால்வாக வேலை செய்திருக்கிறது. இதை மனதில் வைத்திருந்து, ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்குப் போன பிறகு 1955-ல் வேண்டுமென்றே செய்து, 1956-ல் எழுதினார். நடுவில் அமெரிக்காவில் இருந்தபோது, 1948-ல், ஐன்ஸ்டைனின் வயிற்றுப் பெருநாடி வீங்கியிருந்ததை செலோஃபேன் தாளால் சுற்றியவரும் இவரே. அதற்குப் பிறகு ஐன்ஸ்டைன் ஆறு வருஷத்துக்கு மேல் இருந்தார். சுற்றுவது அந்த மனிதருக்குக் கைவந்த கலை போலிருக்கிறது.

ஆரம்பத்தில் போட்ட முழுச் சுற்று நீளமும் இறுக்கமுமாக இருந்ததில் பலருக்குச் சாப்பாடு நின்றது, ஏப்பம் விட முடியவில்லை, வாந்தி வந்தாலும் எடுக்க முடியவில்லை, வயிறு உப்பியது. 1986-ல் டிமீஸ்டர் என்ற சர்ஜன் சுற்றைச் சுருக்கியும் தளர்த்தியும் போடும் முறையை எழுதினார். முழுச் சுற்றே வேண்டாம் என்றவர்கள் பிரான்சில் இருந்தார்கள்: 1962-ல் மார்செய் நகரத்து ஜாக் டோர் முன்பக்க அரைச் சுற்று, 1963-ல் ஆந்த்ரே டூப்பே பின்பக்கப் பகுதிச் சுற்று. ஒமெப்ரசோல் வந்ததும் சர்ஜன்களுக்கு வேலை போய்விடும் என்று நினைத்தார்கள். 1991-ல் பெல்ஜியத்தில் டல்லமாஞ் வயிற்றைத் திறக்காமல் லேப்ராஸ்கோப்பில் செய்து காட்டியதும் கூட்டம் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது. மாத்திரைக் கட்சி, கத்திக் கட்சி என்று இரண்டு. மாநாடுகளில் காபி இடைவேளையில்கூடத் தனித்தனியாக நிற்பார்கள் என்பார் சீஃப்.

எங்களிடம் வந்த பூக்கட்டும் அம்மா ஒருவர் இரண்டு கட்சிக்கும் பதில் சொன்னார். விரல்களின் தோல் இறுகி, பளபளத்து, குளிர்ந்த தண்ணீரில் பட்டால் வெளுத்துப்போகும். ஸ்க்ளீரோடெர்மா. பத்து முறை தண்ணீர் விட்டேன். பத்து முறையும் திரை நீலமாகவே இருந்தது. வால்வும் இல்லாத மாதிரிதான். எரிச்சலில் துடிக்கிறார், ஆனால் எந்தச் சுற்றைப் போட்டாலும் அதைத் தாண்டி ஒரு கவளத்தைத் தள்ளக் குழாயில் எதுவும் இல்லை. சீஃப் கத்தி வேண்டாம் என்றார். இரண்டு வேளை மாத்திரை, தலைப்பக்கம் கட்டில் காலுக்கு அடியில் செங்கல், ஏழு மணிக்குள் சாப்பாடு. அவருக்கு மருந்து மட்டும்தான் வழி.

மாஸ்டர் அந்த அம்மாவின் நிலையில் இல்லை என்பதை எப்படி அறிந்தோம்? பத்து விழுங்கல் முடிந்ததும் ஒரு சின்னச் சோதனை உண்டு. 2 மில்லி வீதம் ஐந்து தடவை, இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து விழுங்கச் சொல்வோம். விழுங்கிக்கொண்டிருக்கும்போது குழாய் அடங்கிக் கிடக்கும். ஐந்தாவது முடிந்ததும், உள்ளே சேமிப்பு இருந்தால், ஒரு பெரிய அலை எழும். தனி விழுங்கலைவிட அது பலமாக இருந்தால், அறுவைக்குப் பிறகு சாப்பாடு சிக்கும் பயம் குறைவு. மாஸ்டருக்கு ஐந்தாவது முடிந்து ஒரு நொடி ஒன்றுமில்லை, பிறகு மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஒரு மஞ்சள் பட்டை இறங்கியது. நான் ஏதோ சொந்தக்காரருக்கு வேலை கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன். சீஃப் பார்த்துவிட்டு, "சரக்கு இருக்கு. டூப்பே போடலாம்" என்றார்.

மார்கழி முதல் வாரத்தில் ஆபரேஷன். மாஸ்டரே கேட்டு வாங்கிய தேதி. முகூர்த்தம் இல்லாத மாதம். தியேட்டருக்குள் என்னையும் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஐந்து சின்னத் துளை. கல்லீரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே ஏறியிருந்த இரைப்பையைக் கீழே இழுத்து, உதரவிதானத்தின் அகன்ற துளையைத் தைத்துச் சின்னதாக்கி, வேகஸ் நரம்புகளைத் தொடாமல் விலக்கி, இரைப்பையின் மேல்பகுதியைக் குழாய்க்குப் பின்னால் நுழைத்து இரண்டு பக்கமும் தைத்தார்கள். முன்பக்கம் வெறுமையாக விடப்பட்டது. மயக்கம் தெளியும் முன்பே வாந்தி வராமலிருக்க ஊசி. ஒரு பலத்த ஓங்கரிப்பில் தையல் பிய்ந்துவிடலாம். மறுநாள் அவர் முறையிட்டது வயிற்றுவலியைப் பற்றி இல்லை, தோள்வலியைப் பற்றி. உள்ளே ஊதிய வாயு உதரவிதானத்தை உறுத்தினால் தோளில் வலிக்கும் என்று சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

தை பிறக்கும்வரை கஞ்சி, கரைத்த ரசம் சாதம், பாலில் ஊறிய இட்லி. சப்பாத்தி கூடாது, பரோட்டா கூடவே கூடாது, சோடா எந்தக் காலத்திலும் வேண்டாம். உள்ளே வீக்கம் இருக்கும்வரை விழுங்கியது நின்று நின்றுதான் இறங்கியது. தையில் கரண்டியைப் பிடித்தபோது ருசி பார்க்கும் பொறுப்பை மச்சானிடம் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தே உப்பு கண்டுபிடித்தாராம். முக்கியமான செய்தி வேறு. ஸ்டோர் ரூமில் பாய் விரித்து நேராகப் படுத்துத் தூங்கினார்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து மறுபடி வந்தார். முகத்தில் கோபம். இரவில் லேசான எரிச்சல். "ஆபரேஷனும் பண்ணிட்டு மாத்திரையும் போடணுமா? அப்புறம் எதுக்குத் தங்கச்சி அறுத்தது?"

இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் நிறையப் பேர். திரும்ப மாத்திரை வாங்கியதை வீட்டில் மறைத்தவர்கள்கூட உண்டு, காசு வீணாய்ப் போனது என்று மனைவி சொல்வாளே என்று. சீஃபுக்கு இதில் ஒரே பிடிவாதம்: கேட்டவுடன் மாத்திரை எழுத மாட்டார். அறுவைக்குப் பின் எரிகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு அளந்து பார்த்தால் அமிலமே ஏறியிருக்காது. எண்டோஸ்கோப்பியில் மாஸ்டரின் முக்கால் சுற்று போட்ட இடத்திலேயே இருந்தது. அமிலப் பரிசோதனையில் பகல் முழுக்கச் சுத்தம். இரவில் இரண்டு மூன்று முறை கொஞ்சம் கசிந்து, மெதுவாகவே இறங்கியிருந்தது. எண்டோஸ்கோப்பியில் இன்னொன்றும் கிடைத்தது. குழாயின் கீழ்முனையில் சால்மன் மீன் நிறத்தில் சின்னத் திட்டு, பேரட் என்பார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நார்மன் பேரட் 1950-ல் எழுதியபோது அதை மேலே இழுபட்ட இரைப்பை என்று நினைத்தார்; 1957-ல்தான் உணவுக்குழாயே என்று ஒப்புக்கொண்டார். முன்பு அங்கே இருந்த புண்ணில் அது கண்ணுக்குப் படாமல் இருந்திருக்கிறது. சதைத்துண்டு எடுத்துப் பார்த்ததில் மோசமான மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் இந்தத் திட்டு இருப்பவருக்கு எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாத்திரை உண்டு.

சீஃப் அவரை உட்காரவைத்துச் சொன்னது இதுதான், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "மாஸ்டர், முழுசா அடைச்சிருந்தா இன்னிக்கு நீங்க சாப்பாட்டை முழுங்க முடியாம வந்து நின்னிருப்பீங்க. கொஞ்சம் விட்டுவச்சேன். விட்டுவச்சது கசியும்னு தெரியும். கசியறதுல புளிப்பு இல்லாம பாத்துக்கறது மாத்திரையோட வேலை. ரெண்டு பேரும் பங்கு பிரிச்சுக்கிட்டோம், அவ்வளவுதான்." ஏறி வந்து மூச்சை அடைத்தது நின்றதா என்று கேட்டார். நின்றது. படுக்க முடிகிறதா? முடிகிறது. "அதுக்கு நான். எரிச்சலுக்கு அது."

இதை அறுவைக்கு முன்பே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் "இனிமே மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லித்தான் ஆளைத் தியேட்டருக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்கப் படைவீரர்களைப் பத்து வருஷம் போலத் தொடர்ந்து பார்த்து 2001-ல் எழுதிய ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 62 சதவீதம் பேர் மறுபடி மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவீடனில் லேப்ராஸ்கோப்பில் செய்துகொண்ட 2655 பேரில் 17.7 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. அப்படித் திரும்பியவர்களில் பெரும்பாலோர் மாத்திரைக்குப் போனார்கள், மறுபடி அறுவைக்குப் போனவர்கள் சிலரே. கத்திக் கட்சி தோற்றது என்று இந்த எண்களைக் காட்டி மற்றவர்கள் ஆர்ப்பரித்ததும் நடந்தது. பலவீனமான குழாய் உள்ளவர் விஷயத்தில் அது தோல்விக் கணக்கே இல்லை.

மாஸ்டருக்கு இப்போது வாட்ஸ்ஆப் பயம். மாத்திரை போட்டால் கிட்னி போகும், எலும்பு போகும், நினைவு போகும் என்று தினம் ஒன்று அனுப்புகிறார். இதயநோயாளிகள் 17,598 பேருக்கு, பான்டோப்ரசோலையும் வெறும் மாத்திரையையும் பிரித்துக் கொடுத்து மூன்று வருஷம் போலப் பார்த்ததில், குடல் தொற்று மட்டும்தான் சற்றுக் கூடியிருந்தது என்று பதில் போட்டேன். பி12 மட்டும் எப்போதாவது பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஜப்பானில் 2015-ல் விற்பனைக்கு வந்த வோனோப்ரசான் பற்றியும் கேட்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற தொல்லை அதற்கு இல்லையாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது சரிதான், ஆனால் உங்களுக்கு 20 மில்லிகிராமிலேயே அடங்கியிருக்கும்போது எதற்கு மாற்ற வேண்டும் என்று எழுதினேன். அரை மணி முன்னால் மாத்திரை போடுவதற்கு அவர் ஒரு வழி செய்திருக்கிறார்: மாலை ரசத்துக்குப் புளி கரைக்க உட்காரும்போது போட்டுவிடுவார், ரசம் இறங்கியதும் மற்றவர்களுக்கு முன் தன் சாப்பாட்டை முடித்துவிடுவார்.

அடுத்த எண்டோஸ்கோப்பிக்கு ஆடி மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் அவருக்கும் வசதி.